அடித்தல் திருத்தலோடு எழுதச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கோரைக்கரை டீச்சர் | சனிக்கிழமை, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 31 பிள்ளைகள்.

இந்த வருடம் கட்டுரையை மனப்பாடம் செய்ய வைக்காமல், படிப்படியாக எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். யோசித்துக் குறிப்பு எடுப்பது, முதல் வரைவு, திருத்தம், பிழை பார்ப்பது, கடைசியில் நல்ல பிரதி என்று ஐந்து படிகளையும் போர்டில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டார்கள். ‘எங்கள் ஊர் ஆறு’ என்று தலைப்புக் கொடுத்து, ரஃப் நோட்டில் ஒரு தடவை, ஃபேர் நோட்டில் ஒரு தடவை எழுதி இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 28 பேருக்கு ஒரு சொல்கூட மாறவில்லை. ஃபேர் நோட்டில் கையெழுத்து நன்றாக இருந்தது, மார்ஜின் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையின் ரஃப் நோட்டில் மட்டும் இரண்டு இடத்தில் அடித்திருந்தது. அடித்ததற்கு மேலே அதே சொல்லைத் திரும்ப எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். “ஃபேர் நோட்டுலதான் டீச்சர் மொதல்ல எழுதுனேன். நீங்க ரஃப் கேட்டியள்லா, அதப் பாத்து எழுதி ரெண்டு எடத்துல அடிச்சேன்” என்றாள்.

அவள் ஏமாற்றவில்லை. நான் கேட்டதைக் கொடுத்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ‘அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. அதற்குத்தான் இதுவரை ‘மிக நன்று’ வாங்கியிருக்கிறாள். இப்போது நான் வந்து திருத்து என்றால், எதைத் திருத்த என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

என் கேள்வி இந்த மூன்றாவது படியைப் பற்றித்தான். குறிப்பு எடுக்க வைத்துவிடலாம், எழுதவும் வைத்துவிடலாம். எழுதினதைத் திரும்பப் பார்த்து மாற்றுவதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

பாளை பழைய வாத்தியார் | சனிக்கிழமை, இரவு 10.25

டீச்சர், 34 வருடம் தமிழ் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ‘மலை பெய்தது’ என்று எழுதுகிறது. ‘பள்ளி’க்கும் ‘பல்லி’க்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று எட்டாம் வகுப்பிலேயே பாடம் இருக்கிறது, ஆனால் எழுத்தில் வருவதில்லை. இந்த நிலையில் ஐந்து படி, ஆறு படி என்று போவது அஸ்திவாரம் இல்லாமல் மாடி எடுப்பது.

தினமும் பத்து நிமிடம் சொல்வதை எழுதுதல் வையுங்கள். ல, ழ, ள ஒரு வாரம், ண, ந, ன ஒரு வாரம், ர, ற ஒரு வாரம். கையில் பிழை குறைந்தால் திருத்துவது தானாக வரும். உங்கள் அக்கறையைக் குறைத்துச் சொல்லவில்லை. நோட்டை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற டீச்சர்கள் குறைவு.

அம்பை மாமரம் | ஞாயிறு, காலை 6.50

அய்யா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் இதில் எனக்கு வேறு அனுபவம். நான் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன், மூன்றாம் வகுப்பு.

ஒரு பையன். வாய் ஓயாமல் பேசுவான். வேலியில் பார்த்த வண்ணத்துப்பூச்சி, அதன் இறகில் கண் மாதிரி இருந்த புள்ளி என்று அப்படியே சொல்வான். எழுதச் சொன்னால் ‘பூச்சி பறந்தது’ என்று ஒரே வரி. ஏன் என்று பல நாள் புரியவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ‘வண்’ என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு அதை அழித்துவிட்டு ‘பூச்சி’ என்று எழுதினான். ‘வண்ணத்துப்பூச்சி’யில் எங்கேயாவது தப்பு வந்துவிடும், நான் வட்டம் போடுவேன் என்று பயம். தப்பில்லாமல் எழுதத் தெரிந்த சொல்லை மட்டும் வைத்து எழுதக் கற்றுக்கொண்டுவிட்டான். கற்றுக்கொடுத்தது நான்தான்.

அன்றிலிருந்து முதல் வரைவில் கை வைப்பதில்லை. சிவப்புப் பேனாவைப் பையிலிருந்தே எடுப்பதில்லை. பிழை பார்க்க ஒரு நாள் தனியாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு எழுதுவதில் ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், நோட்டில் எழுத வேண்டியது வேறு தமிழ். “அங்கன ஒரு கீரிப்பிள்ள கெடந்துச்சு, எங்களப் பாத்ததும் ஒரே ஓட்டமா ஓடிட்டு” என்று சொல்கிற பிள்ளை, அதையே எழுதும்போது ‘கிடந்தது’, ‘ஓடிவிட்டது’ என்று உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே போக வேண்டும். மாற்றுகிற கவலையில் கீரிப்பிள்ளை கைவிட்டுப் போய்விடுகிறது. அதனால் முதல் தடவை பேசுகிற மாதிரியே எழுதட்டும் என்று விட்டுவிடுகிறேன். அதைப் பக்கத்துப் பிள்ளையிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் எழுத்துத் தமிழ். நீங்கள் சொன்ன ஐந்து படிகளுக்கு நடுவில் எங்கள் வகுப்பில் இது ஆறாவது படி.

தென்காசிச் சாரல் | ஞாயிறு, காலை 11.15

அக்கா சொன்ன ஆறாவது படி மிக முக்கியம். நான் ஆங்கிலம் எடுக்கிறவன், எங்கள் பாடத்தில் இந்தப் படிகளைப் பற்றி நிறையப் பேசுவார்கள். வந்த வழியைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1971-இல் ஜேனட் எமிக் என்பவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்து ஆராய்ந்தார். எழுதி முடித்த கட்டுரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த துறை, எழுதுகிற பிள்ளையைப் பார்க்க ஆரம்பித்தது அங்கேதான். அடுத்த வருடம், 1972-இல், டொனால்டு மர்ரே என்ற பத்திரிகையாளர்-ஆசிரியர் எழுத்தை முடிந்த பொருளாகப் பார்க்காமல் ஒரு செயலாகச் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதினார். முன் தயாரிப்பு, எழுதுதல், திரும்ப எழுதுதல் என்று அவர் சொன்னது மூன்றே படி. நாம் போர்டில் எழுதுகிற ஐந்து படி, இந்த மூன்றும் பிற்பாடு பாடப் புத்தகங்களில் விரிந்து வந்ததுதான்.

ஆனால் 1981-இல் லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேஸ் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள். எழுதுகிறவர் ஒரு படி முடித்து அடுத்த படி ஏறுவதில்லை. பாதி எழுதும்போதே திட்டம் மாறுகிறது, திருத்தும்போது புதிதாக ஒன்று தோன்றுகிறது, திரும்பக் குறிப்புக்குப் போகிறார். மாடிப்படி என்பதைவிட ஆற்றுப் படித்துறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முழுக்குக்குள் நாலு தடவை ஏறி இறங்குவோம்.

இதில் டீச்சருக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் வெவ்வேறு சொல். ஒன்றுக்கு ‘திரும்பப் பார்த்தல்’ என்பதுதான் வேர்ப்பொருள். இன்னொன்று பிழை களைவது. நம் வகுப்பில் இரண்டுக்கும் ‘திருத்தம்’ என்றே சொல்கிறோம். ‘திருத்தின நோட்டு’ என்றால் பிள்ளைக்கு என்ன ஞாபகம் வரும்? டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்ட நோட்டு. அப்படியானால் திருத்துவது டீச்சர் வேலை, தப்பைத் திருத்துவது. தப்பில்லை என்று நினைக்கிற பிள்ளை எதைத் திருத்தும்? பெயரை மாற்றிப் பாருங்கள். மூன்றாவதை ‘மறுபார்வை’ என்று சொல்லுங்கள், நான்காவது மட்டும் ‘பிழைதிருத்தம்’.

வள்ளியூர் காற்றாடி | ஞாயிறு, மதியம் 2.40

எல்லாம் நல்ல பேச்சு. நான் பத்தாம் வகுப்பு எடுக்கிறவன், என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் தாள் 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். குறிப்புகளையும் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். முன்னுரை, முடிவுரை, நடுவில் நாலு உட்தலைப்பு, இடையில் ஒரு பாடல் வரி, இதுதான் மதிப்பெண் வாங்கித் தருகிறது. எந்தப் பிள்ளைக்கு அங்கே இரண்டு வரைவு எழுத நேரம்? வருடம் முழுக்க வரைவு எழுதிப் பழகிவிட்டு, பரீட்சையில் ஒரே மூச்சில் எழுதச் சொன்னால் குழம்பிப் போகாதா?

பாடம் முடிக்க வேண்டும், ரிவிஷன் டெஸ்ட் வைக்க வேண்டும், தேர்ச்சி விகிதம் கேட்பார்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை, உண்மையிலேயே வழி தெரிய வேண்டும்.

மனுக்காரர் மகன் | ஞாயிறு, இரவு 8.05

நான் ஆசிரியர் இல்லை, ஓர் அச்சகத்தில் வேலை. ஆனால் இந்த இழையைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வெளியே உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், அன்றைக்குக் கூட்டம் இருக்கும். லீவு நாட்களில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் களக்காடு பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஓர் ஆச்சி வந்தது. முதியோர் உதவித்தொகை நின்றுபோய்விட்டது. உட்கார்ந்ததும் மகன் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தது. மருமகள், வீடு பிரித்தது, மகன் திருப்பூர் போனது, எல்லாம். அப்பா பேனாவைத் திறக்கவே இல்லை. எனக்குப் பொறுமை இல்லை, பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அப்பா பத்து நிமிடம் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “ஆச்சி, கலெக்டரு இந்தத் தாள ஒரு நிமிசந்தான் பாப்பாவ. அந்த ஒரு நிமிசத்துல அவியளுக்கு என்ன தெரியணும்?” என்று கேட்டார்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஆறு மாசமாப் பணம் வரல. எனக்கு வேற ஆளு இல்ல” என்றது.

அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஊர், எந்த மாதத்தோடு நின்றது, எந்த ஆபீஸுக்குப் போனது என்று சின்னச் சின்னதாகக் குறித்தார். அதே தாளில் கீழே மனுவை எழுதி, மெதுவாக வாசித்துக் காட்டினார். ஆச்சி கையை நீட்டித் தடுத்தது. “நான் நாலு தடவ நடந்தேன்னு போடலயே?” அப்பா அதைச் சேர்த்தார். சேர்த்துவிட்டு ஒரு நிமிடம் தாளையே பார்த்தார். கடைசியில் இருந்த அந்த வரியை அம்புக்குறி போட்டு மேலே கொண்டுபோனார். திரும்ப வாசித்தார். ஆச்சி தலையாட்டியதும்தான் வெள்ளைத் தாளை எடுத்தார். ‘பொருள்’ என்கிற வரியை எப்போதும் கடைசியில்தான் நிரப்புவார். “என்ன எழுதிருக்கோம்னு தெரிஞ்சாத்தான பொருள் தெரியும்” என்பார்.

அப்பா எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். படிகள் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காலண்டர் தாளில் அடித்தல் திருத்தல் மட்டும்தான் இருக்கும், வெள்ளைத் தாளில் ஒன்றுகூட இருக்காது. டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டு எதற்கு என்று தெரியவில்லை என்றால், அதைப் படிக்கப்போகிறது யார் என்று தெரியாததும் காரணமாக இருக்குமோ? ‘எங்கள் ஊர் ஆறு’ கட்டுரையை டீச்சரைத் தவிர வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

கோரைக்கரை டீச்சர் | ஞாயிறு, இரவு 9.30

அண்ணாச்சி, அந்த அம்புக்குறியை நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. நானும் படித்தேன் என்று சொல்ல முடியாது, திருத்தினேன்.

ராதாபுரம் பனை | ஞாயிறு, இரவு 10.10

பி.எட். படிக்கிறேன், இப்போது பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய்வருகிறேன். என் வகுப்பில் 45 பேர். ஒருவருக்கு இரண்டு வரைவு என்றால் 90 தாள். எப்படிப் படித்து முடிப்பது என்று யாராவது சொல்லுங்கள் அக்கா, அண்ணாச்சி.

நான் படித்த காலத்தில் ஒரு கட்டுரையில் எங்கள் பனங்காட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அப்பா விடியக்காலை கலயத்தோடு மரம் ஏறுவது, கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைப்பது, அது இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது, எல்லாம். நோட்டு திரும்பி வந்தபோது 17 வட்டம் இருந்தது. கீழே ‘கையெழுத்தைக் கவனி’ என்று ஒரு வரி. பதநீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்கப்புறம் பள்ளி முடியும்வரை கைடில் இருக்கிற கட்டுரையைத்தான் எழுதினேன்.

தென்காசிச் சாரல் | திங்கள், காலை 7.00

தங்கச்சி, 90 தாளையும் நீங்கள் படிக்கக் கூடாது. முதல் வரைவைப் படிக்க வேண்டியது பக்கத்தில் இருக்கிற பிள்ளை. அதுவும் கண்ணால் படிக்கக் கூடாது. எழுதின பிள்ளை வாசிக்க, மற்றது காதால் கேட்க வேண்டும். நோட்டு கை மாறினால் கண் உடனே பிழையைத் தேடும். காதுக்கு ல, ழ, ள சிக்கல் பாதி தெரியாது, அதனால் விஷயத்தைத்தான் கேட்கும். கேட்ட பிள்ளை ‘நல்லாருக்கு, நல்லால்ல’ சொல்லக் கூடாது. ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் சுற்றி வந்து ஒரு நாளைக்கு ஐந்து பேர் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு வாரத்தில் எல்லாரையும் பார்த்துவிடலாம்.

உங்கள் பனங்காட்டுக் கட்டுரையைத் திரும்ப எழுதுங்கள். உண்மையாகச் சொல்கிறேன்.

கோரைக்கரை டீச்சர் | வெள்ளி, இரவு 8.45

ஐந்து நாள் செய்து பார்த்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ‘திருத்தம்’ என்ற சொல்லையே எடுக்கவில்லை. பழைய ஆற்றுக் கட்டுரையை ஜோடி ஜோடியாக வாசிக்கச் சொன்னேன். கேட்கிற பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரு பையனுடையது இது:

‘எங்கள் ஊரில் தாமிரபரணி ஆறு ஓடுகிறது. அது மிகவும் அழகானது. ஆறு நமக்கு நீர் தருகிறது. விவசாயத்திற்கு உதவுகிறது. ஆற்றை நாம் பாதுகாக்க வேண்டும்.’

பக்கத்துப் பையன் கேட்டான், “நீ ஆத்துக்குப் போய் என்னல செய்வ?” இவன் சாதாரணமாக, “எங்க தாத்தா எருமையக் குளிப்பாட்டுவாவ. நான் வாலப் பிடிச்சுக்கிட்டே போவேன்” என்றான். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “அத எழுதுனியால?” என்று மற்றவன் கேட்டான். இவன் என்னைத் திரும்பிப் பார்த்து, “அதெல்லாம் எழுதலாமா டீச்சர்?” என்றான்.

இந்தக் கேள்வியை அன்றைக்கு மட்டும் எட்டு, ஒன்பது பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. எழுதத் தெரியாமல் இல்லை, எழுதலாமா என்றே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, அம்பை அக்கா சொன்னபடி, பேசுகிற தமிழிலேயே எழுதச் சொன்னேன். ஐந்து வரி எழுதினவன் இரண்டு பக்கம் எழுதினான். புதன்கிழமை எழுத்துத் தமிழுக்கு மாற்றினோம். ‘பிடிச்சுக்கிட்டே’ எப்படி ‘பிடித்துக்கொண்டே’ ஆகிறது என்று போர்டில் போட்டதும் இலக்கணப் பாடம் கையோடு முடிந்தது. யாருக்கும் அது இலக்கணம் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமைதான் முக்கியமான நாள். மனுக்கார அண்ணாச்சியின் அம்புக்குறி மனதிலேயே இருந்தது. வரிகளை இடம் மாற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வரிக்கு ஒரு வரி இடம் விட்டு எழுதச் சொல்லி, கத்தரிக்கோலால் வாக்கியம் வாக்கியமாக வெட்டச் சொன்னேன். நோட்டுத் தாளை வெட்ட முதலில் யாருக்கும் மனசு வரவில்லை. முதல் தாளை நானே வெட்டினேன். வராண்டாத் தரையில் பரப்பி, எந்த வாக்கியம் முதலில் வந்தால் நன்றாக இருக்கும் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். மின்விசிறிக் காற்று இல்லாத இடம் என்பதால் வராண்டா. பசை பத்தவில்லை. சத்துணவுக்கூடத்திலிருந்து கொஞ்சம் சோறு வாங்கி வந்து, பருக்கையை நசுக்கி ஒட்டினார்கள்.

அந்தப் பையன் தரையில் பதினொரு துண்டுகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஒட்டினது இது. பிழை மட்டும் நான் நீக்கியிருக்கிறேன்:

‘எங்கள் தாத்தா தினமும் சாயங்காலம் எருமையை ஆற்றுக்குக் கொண்டுபோவார். நான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போவேன். தண்ணீரில் இறங்கியதும் எருமை மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்துவிடும். தாத்தா வைக்கோலால் அதன் முதுகைத் தேய்ப்பார். 2023 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது எருமை தொழுவத்தில் கட்டிக்கிடந்தது. தாத்தா நெஞ்சளவு தண்ணீரில் போய் அவிழ்த்துவிட்டார். எருமை நீந்தி மேட்டுக்கு வந்துவிட்டது. தாத்தா செருப்பு போய்விட்டது. அன்றிலிருந்து மழை நாளில் எருமையைக் கட்டிப்போடுவதில்லை. ஆற்றை நாம் பாதுகாக்க வேண்டும்.’

வெள்ளம் முதலில் இரண்டாவது வாக்கியமாக இருந்தது. அதைக் கீழே இறக்கினவன் அவன்தான். ‘மிகவும் அழகானது’ துண்டைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டான். கடைசி வரி வேண்டுமா என்று அவனுக்கும் பக்கத்துப் பையனுக்கும் பெரிய வாக்குவாதம். முடிவுரை இல்லாமல் கட்டுரை இருக்க முடியாது என்று மற்றவன் ஒரே பிடியாக நின்றான். இவன் வைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கச் சொல்லியிருக்கலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

எல்லாருக்கும் இப்படி வந்துவிடவில்லை. நாலைந்து பேர் வெட்டின துண்டுகளைப் பழைய வரிசையிலேயே திரும்ப ஒட்டினார்கள். அவர்களோடு அடுத்த வாரம் உட்கார வேண்டும்.

பாளை பழைய வாத்தியார் | வெள்ளி, இரவு 11.20

டீச்சர், அந்தக் கடைசி வரியைத் தொடாதது சரி. அவனே ஒருநாள் எடுப்பான்.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நன்னூலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்லியிருக்கிறார். எத்தனையோ வருடம் வகுப்பில் ஒப்பிக்க வைத்த சூத்திரம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை.

இந்தப் பத்தில் சொல்லில் வருகிற பிழை ஒன்றே ஒன்று, வழூஉச்சொல் புணர்த்தல். மற்ற ஒன்பதும் சொல்ல வந்ததைச் சொன்ன விதத்தைப் பற்றியவை. 34 வருடம் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டது அந்த ஒன்றுக்குத்தான். ஒன்பதைப் பற்றி ஒரு பிள்ளையின் நோட்டிலும் எழுதினதில்லை. ராதாபுரத்துப் பிள்ளை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அதிக நேரம் தூங்கவில்லை. அப்படி எத்தனை நோட்டு என் கையில் வந்து போயிருக்கும்.

உங்கள் மறுபார்வை நாளுக்கு இந்தப் பத்துமே போதும், ஆனால் பெயர் சொல்ல வேண்டாம், கேள்வியாகக் கேளுங்கள். குன்றக் கூறலுக்கு, ‘இதை உன் ஊரையே பார்க்காத ஒருவன் படித்தால் எது புரியாது?’ மற்றொன்று விரித்தலுக்கு, ‘ஆற்றைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு வேறு எங்கே போய்விட்டாய்?’ வெற்றெனத் தொடுத்தல் என்பது சொல் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பது. பையன் ஓரமாக எடுத்து வைத்த ‘மிகவும் அழகானது’ அதுதான். யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறான். சென்றுதேய்ந்து இறுதல் நம் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. தொடக்கம் பலமாக இருக்கும், போகப் போகக் கை வலித்து, விஷயம் மெலிந்து, ‘நன்றி’ என்று முடியும். அதற்குத் துண்டு வெட்டுகிற வேலை நல்ல மருந்து, எது பலமான வாக்கியம் என்று தரையிலேயே தெரிந்துவிடும். பத்தையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். ஒரு கட்டுரைக்கு ஒன்று.

பிழையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘மழை’ ‘மலை’ ஆகக் கூடாது. ஆனால் அது நான்காவது படியில் வரட்டும், சம்மதம். அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். நல்ல பிரதி எழுதுவதற்கு முன்னால், கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து படித்தால் மனசு கதையோடு ஓடிவிடும், எழுத்து தெரியாது. கீழிருந்து வந்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும். ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை மட்டும் தேட வேண்டும்.

வள்ளியூர் காற்றாடி | சனிக்கிழமை, காலை 10.30

நானும் ஒன்று செய்து பார்த்தேன். வகுப்பைப் பாதியாகப் பிரித்தேன். ஒரு பாதி வழக்கம்போல உடனே எழுத ஆரம்பித்தது. இன்னொரு பாதி முதல் ஐந்து நிமிடம் எழுதக் கூடாது, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் வெறும் குறிப்பு மட்டும், ஒவ்வொரு உட்தலைப்புக்கும் தனக்குத் தெரிந்த ஒரு சொந்த விஷயம். குறிப்பு எடுத்தவர்கள் எழுதி முடிக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்தேதான் முடித்தார்கள். நடுவில் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிற நேரம் அவர்களுக்கு இல்லை. ஒரு வகுப்பில் ஒரு நாள் பார்த்ததுதான், பெரிதாகச் சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு மூன்று வரைவு கொண்டுபோக முடியாது, ஆனால் முதல் படியைக் கொண்டுபோகலாம் என்று தெரிகிறது. தேர்வில் கேள்வித்தாள் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அப்போதே மனதுக்குள் இந்த வேலையை ஆரம்பித்துவிடப் பழக்கப்போகிறேன்.

அம்பை மாமரம் | சனிக்கிழமை, மாலை 4.15

மனுக்காரர் மகன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதே. யார் படிக்கப்போகிறார்கள்? எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் வாசிக்கிறார்கள். நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் ‘தேன்சிட்டு’ என்று பள்ளிக் கல்வித் துறையே பத்திரிகை நடத்துகிறது. டீச்சர், எருமைக் கட்டுரையை ‘தேன்சிட்டு’க்கு அனுப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும், அனுப்புகிறோம் என்று தெரிந்ததும் அவன் இன்னொரு தடவை தானாக எழுதிப் பார்ப்பான்.

மனுக்காரர் மகன் | சனிக்கிழமை, இரவு 7.50

இன்னொரு யோசனை. ஆகஸ்ட் 15 கிராமசபைக் கூட்டம் வருகிறது. பிள்ளைகளிடம் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, ஒரு மனு எழுத வையுங்கள். உண்மையாகவே பஞ்சாயத்துத் தலைவர் கையில் கொடுக்கிற மனு. அதில் ‘மிகவும் அழகானது’ வராது.

கோரைக்கரை டீச்சர் | அடுத்த வியாழன், இரவு 9.00

கேட்டேன். ஒரு மணி நேரம் சண்டை போட்டு, படித்துறை என்று முடிவு செய்தார்கள். வெள்ளத்தில் கீழ்ப் படிகள் பெயர்ந்தது இன்னும் அப்படியே கிடக்கிறது. வயதானவர்கள் இறங்க முடியவில்லை. முதல் வரைவில் ‘படித்துறை மிக மோசமான நிலையில் உள்ளது’ என்று இருந்தது. ரஃப் நோட்டில் பொய்யாக அடித்த அந்தப் பிள்ளைதான் எழுந்து, “எத்தன படின்னு கேட்டா என்ன டீச்சர் சொல்லுவோம்?” என்றாள். சாயங்காலம் நாலு பேர் போய் எண்ணிக்கொண்டு வந்தார்கள். 19 படியில் 6 இல்லை. இப்போது மனுவின் முதல் வரி அதுதான். நேற்றோடு நாலாவது வரைவு. அவள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வெள்ளைத் தாளில் எழுதுகிற வேலை அவளுக்கு. இன்னும் எழுத மாட்டேன் என்கிறாள், ‘பொருள்’ சரியாக வரவில்லையாம்.

பழைய வாத்தியார் அய்யா, ஒரு கோரிக்கை. மனுவில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். ஒருநாள் வந்து உட்கார முடியுமா?

பாளை பழைய வாத்தியார் | வியாழன், இரவு 9.20

சனிக்கிழமை வருகிறேன் டீச்சர். நாலு வரைவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கடைசி வரைவு மட்டும் போதாது. எந்த பஸ், எங்கே இறங்கணும்?

கோரைக்கரை டீச்சர் | வியாழன், இரவு 9.25

ஜங்ஷனில் சேரன்மகாதேவி பஸ் ஏறுங்கள் அய்யா. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் இரண்டு பையன்கள் வந்து நிற்பார்கள். ஒருவன் எருமைக் கட்டுரைக்காரன்.